பட்டியலில் இல்லாத கால்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. என் ரத்த அழுத்தம் நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். அண்ணி உன்னை விசாரித்தாள். மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா?

போட்டோ கிடைத்தது. இருபத்தொரு கிலோமீட்டரை ஒரு மணி நாற்பத்தாறு நிமிஷத்தில் ஓடியிருக்கிறாய், நாற்பத்தாறு வயதில். சந்தோஷம். அண்ணி உன் முகத்தைப் பார்த்தாள், நான் காலைப் பார்த்தேன். குதிகால் பக்கம் இரண்டு விரற்கடை தடிமன், முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த அடிப்பாகம். உள்ளே கார்பன் தகடு வைத்த ஷூதானே அது?

போன ஏப்ரலிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்க வரும் ஓட்டக்காரர்களிடம் என்ன ஷூ என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஒன்பது மாதத்தில் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒரே எலும்பு. கணுக்காலுக்குச் சற்று முன்னால், பாதத்தின் உள்பக்கமாக இருக்கும் சின்ன எலும்பு. அதில் மயிரிழை விரிசல். ஏழு பேரும் தகடு ஷூ போட்டவர்கள். இருபத்தாறு வருஷமாகப் படம் எடுக்கிறேன். இந்த எலும்பில் விரிசலை வருஷத்துக்கு ஒன்று பார்த்தாலே அதிகம் என்று இருந்தது.

கழற்றிப் போடு. பழைய ஷூவில் ஓடு.

போன் பண்ணாதே. பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வருகிறது என்றுதானே எட்டு வருஷத்துக்கு முன் இருவரும் கடிதத்துக்கு மாறினோம். சண்டையை எழுத்திலேயே போடு.

இப்படிக்கு,
அண்ணன்

*

ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இவருக்கு முதுகு பரவாயில்லை. நீ உப்பைக் குறைத்துக்கொள், கோபத்தையும்.

உன் கடிதத்தை டிப்போவில் டிரைவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பஸ்களை நேரத்துக்கு வெளியே அனுப்புகிறவள் என்பதால் எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கடிகாரம். மீசைக்கார டிரைவர் கேட்டார்: “ஏன் கடிகாரம்மா, உங்க அண்ணன் வேலை செய்யற ஊர்ல எல்லாரும் வெறுங்காலோடதான் திரியறாங்களா?” ஒரு வண்டி மூன்று நிமிஷம் தாமதமாகப் போனது, சிரித்ததில்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் போட்டி. நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களில் முதல் மூன்று பேர் வெளிநாட்டுக்குப் போகும் அணியில் சேர்கிறார்கள். எங்கள் ஓட்டக் குழுவில் என்னையும் சேர்த்து முப்பத்தொன்பது பேர். அவர்களில் எனக்குத்தான் வாய்ப்பு என்கிறார் எங்களுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர். அண்ணா, என்னை இதுவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. இந்த வேலைகூட முதலில் தேர்வானவர் வராததால் வந்தது. அந்த ஷூ எனக்கு நான்கு நிமிஷம் தந்திருக்கிறது. கழற்ற மாட்டேன்.

ஷூமேல் உனக்கு என்ன பகை? உனக்குப் பகை இல்லாத பொருள் ஏதாவது உண்டா? உன் சைக்கிளைப் பெரியம்மா மகனுக்கு நான் கொடுத்ததை முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

உன் தங்கை

*

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

சுகம். அண்ணிக்கு லேசான ஜலதோஷம், வேறொன்றுமில்லை. அங்கே எல்லோரும் சுகந்தானே?

சைக்கிளைக் கொடுத்தது தப்பில்லை, கேட்காமல் கொடுத்தது தப்பு. அதை விடு. நான் விடமாட்டேன், நீ விடு.

போன செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது ஆள் வந்தார், ஒரு கணக்கு வாத்தியார். மேசையிலிருந்து இறங்கும்போதே கேட்டார்: “என்ன சார் தெரியுது?”

“டாக்டர் சொல்வார்.”

“உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். அந்த எலும்பு திரையில் பல்பு போட்ட மாதிரி வெள்ளையாக எரிந்தது. ஆனால் படம் எடுக்கிறவன் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஷூவைப் பற்றி மட்டும் கேட்டேன். நிமிர்ந்தால் கதவருகே பெரிய டாக்டர்.

“என்னப்பா, செருப்புக் கடை எப்ப தொறந்தே?”

“ஒன்பது பேர் சார். ஒன்பது பேருக்கும் அதே எலும்பு.”

“நீ படம் எடு. கதை கேக்காதே.”

“கதை கேட்டாத்தான் சார் படம் புரியுது.”

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பையனின் முதுகெலும்பில் அவர் பார்க்காமல் விட்ட விரிசலை நான் காட்டினேன். மறுநாள் கூட்டத்தில் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். அன்று வாயை மூடிக்கொண்டேன். இனிமேல் மூடுவதாக இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது: இடது பாதம், வலது பாதம் இரண்டிலும், மேல்பக்கம், கணுக்காலுக்கு மூன்று விரல் முன்னால், கட்டைவிரலால் அழுத்திப் பார். சுருக்கென்று இருந்தால் எழுது. இல்லாவிட்டால் இல்லை என்று எழுது.

இப்படிக்கு,
அண்ணன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியின் ஜலதோஷம் விட்டதா? இவர் புது வேலையில் சேர்ந்துவிட்டார். வீட்டுக்குப் பக்கத்திலேயே.

உன் நோட்டைப் பற்றி யோசித்தேன். நீ கேட்டதெல்லாம் கால் உடைந்து வந்தவர்களிடம். உடையாதவர்களை எங்கே கேட்டாய்? அவர்கள் உன் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வரப் போகிறார்கள்? பழுதாகி டிப்போவுக்குத் திரும்பும் வண்டிகளை மட்டும் பார்த்துவிட்டு, இந்த டயர் போட்ட வண்டியெல்லாம் பழுதாகும் என்று நான் சொன்னால் டிரைவர்கள் என்னை விடுவார்களா? இன்று தெருவில் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் தகடு ஷூதான் போட்டிருக்கிறார்கள். அப்புறம் உடைகிறவர்களும் அதைப் போட்டுத்தானே இருப்பார்கள்?

நானே கேட்கிறேன். எங்கள் குழுவில் எல்லோரையும். மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஷூ கடையும் வைத்திருக்கிறவர் என்பது உனக்குத் தெரியாது. “கேளும்மா, தாராளமா கேளு, ஆனா கடை வாசல்ல வெச்சுக் கேக்காதே” என்றார்.

உன் தங்கை

*

மார்ச் 8

தங்கைக்கு,

இங்கே சுகம்.

நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. எழுதுவதற்கே கை கூசுகிறது, எழுதிவிட்டேன். கேள். ஆனால் ஒழுங்காகக் கேள். என்ன ஷூ, எப்போதிலிருந்து, வாரம் எத்தனை கிலோமீட்டர், தினமும் போடுகிறாரா போட்டியன்று மட்டுமா, போன ஒரு வருஷத்தில் பாத வலியால் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடாமல் இருந்தாரா.

கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். பதில் வரவில்லை.

வெயில் நேராக மேசைமேல் விழுகிறது, கண் கூசுகிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அண்ணன்

*

மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். தாமதத்துக்குக் கோபிக்காதே. ஆட்களைப் பிடிப்பது பஸ்ஸைப் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

பட்டியலை இணைத்திருக்கிறேன். தகடு ஷூ போடுகிறவர்கள் இருபத்துமூன்று பேர். அதில் பாத வலியால் ஓடாமல் இருந்தவர்கள் ஆறு. சாதா ஷூ பதினைந்து பேர். அதில் நான்கு. நூற்றுக்கு இருபத்தாறு, நூற்றுக்கு இருபத்தேழு. கணக்குப் போட்டுப் பார். உன் தகடு நிரபராதி.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறில் ஐந்து பேர், வாங்கிய நாளிலிருந்து தினமும் அதையே போட்டு, தூரத்தையும் ஏற்றியவர்கள். போட்டியன்று மட்டும் போடுகிறவர்களில் ஒருவருக்குத்தான் வலி.

ஆகஸ்டுக்கு இன்னும் மூன்று மாதம். டிரைவர்கள் எனக்காக ஒரு உயரமான ஸ்டூல் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தபடியே நேரம் எழுதலாம் என்று. “அணிக்குப் போறவங்க நிக்கக் கூடாதும்மா” என்கிறார் மீசைக்காரர்.

உன் வாயை அடைக்க இதையும் அனுப்புகிறேன்: என் இடது பாத எக்ஸ்ரே அறிக்கை. எலும்பு சரியாக இருக்கிறது என்று டாக்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உன் தங்கை

*

மே 10

அன்புத் தங்கைக்கு,

சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

வலி இல்லாதவள் எதற்கு எக்ஸ்ரே எடுத்தாள்? அதுவும் ஒரே ஒரு காலுக்கு?

இந்த எலும்பில் விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுதான் வழக்கம். என் நோட்டில் உள்ளவர்களில் பாதிக்கு மேல், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்டு, அதை நம்பி இன்னும் இரண்டு மாதம் ஓடி, அப்புறம் நொண்டிக்கொண்டு வந்தவர்கள்.

இருபத்துமூன்றும் பதினைந்தும் முப்பத்தெட்டு. உங்கள் குழுவில் முப்பத்தொன்பது பேர் என்று எழுதியவள் நீ. மற்ற எல்லோரிடமும் கேட்டிருக்கிறாய்.

கிளம்பி வா. ஆறு மணி நேரப் பயணம். இங்கே நானே உன்னை மேசையில் படுக்கவைத்து எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன். பெரிய டாக்டர் என்ன சொன்னாலும் சரி, என்ன தெரிகிறது என்று நானே உனக்குச் சொல்வேன்.

அங்கே சுகமா?

அண்ணன்

*

ஜூன் 1

அண்ணாவுக்கு,

சுகம்.

வர மாட்டேன். வந்தால் நீ ஏதாவது கண்டுபிடிப்பாய். கண்டுபிடிக்க வேண்டாம். ஆகஸ்டுக்கு அப்புறம் என் காலை நீயே வெட்டி மேசையில் வைத்துப் பார். போன ஞாயிறு முழு நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் தனியாக ஓடிப் பார்த்தேன். மூன்று மணி ஐம்பத்தொரு நிமிஷம். அந்த நேரம் ஓடினால் அணியில் இடம் உண்டு என்கிறார் மாஸ்டர். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று வீட்டிலும் தெருவிலும் கேட்கிறார்கள். நீயும் வேறு வார்த்தையில் அதையேதான் கேட்கிறாய்.

நீ என்னைப் பிடித்துவிட்டாயே, இப்போது நான் உன்னைப் பிடிக்கிறேன். எங்கள் குழுவில் ஒரு தையல்கார அக்கா. போன வருஷம் உங்கள் ஊரில் இருந்தவர். அதே எலும்பு, அதே விரிசல், உங்கள் ஆஸ்பத்திரிதான். இதுவரை ஒரு முறைகூடத் தகடு ஷூ போட்டதில்லை. பட்டியல் எடுக்கும்போது சொன்னார்: “அங்க ஒருத்தர், நரைச்ச மீசை, மூஞ்சில எப்பவும் எரிச்சல், என்ன ஷூம்மா போடுவீங்கன்னு கேட்டார். சாதா ஷூதான் சார்னு சொன்னேன். ஒண்ணும் எழுதாம நோட்டை மூடிட்டார்.”

நோட்டை மூடினாயாமே, அண்ணா. இந்த மாதிரி எத்தனை பேருக்கு மூடினாய்?

இன்னொன்று. ஸ்கேன் அறையில் ஜன்னலே இல்லை, பத்து வருஷமாக வெயிலைப் பார்க்கவில்லை என்று புலம்புகிறவன் நீ. மார்ச்சில் உன் மேசைமேல் வெயில் எப்படி விழுந்தது?

உன் தங்கை

*

ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். “மூஞ்சில எப்பவும் எரிச்சல்” என்ற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. ஆக இங்கே எல்லோரும் சுகம்.

மூன்று பேருக்கு மூடினேன். தையல்கார அம்மா, ஒரு போலீஸ்காரர், ஒரு கல்லூரி மாணவி. மூன்று பேரும் சாதா ஷூ. ஏன் எழுதவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏழுக்கு ஏழு என்று சொன்னால் பெரிய டாக்டர் வாயடைத்துப் போவார். பத்துக்கு ஏழு என்றால் சிரிப்பார். அவ்வளவுதான் காரணம். அவரை ஜெயிக்க வேண்டும் என்பதில் எலும்பை மறந்துவிட்டேன். அன்று கூட்டத்தில் அவர் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதைச் சொன்னது உன்னிடம் மட்டும். அவரிடம் சொல்ல மாட்டேன்.

கதவருகே பேச்சு நடந்ததே, அதற்கு மறுவாரம் மெமோ கொடுத்து என்னைக் கீழ்த்தள எக்ஸ்ரே அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஜன்னல் உண்டு. ஓட்டக்காரர்கள் முதலில் எக்ஸ்ரேக்குத்தான் வருவார்கள் என்பதை மாற்றியவர்கள் யோசிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். மேலே ஸ்கேனில் என்ன வந்தது என்பதை அங்கே இருக்கும் டெக்னீஷியன் பெண் படியில் இறங்கும்போது கண்ணாலேயே சொல்லிவிடுகிறாள். நானே ஸ்கேன் எடுக்கிறேன் என்று உனக்கு எழுதினேனே, அது பொய். நீ கிளம்பி வந்திருந்தால் மானம் போயிருக்கும்.

நேற்று மூன்று பேரையும் நோட்டில் சேர்த்துவிட்டேன். தகடு பன்னிரண்டு, சாதா மூன்று. நான் விட்டுவைத்த வரிகள் இவ்வளவுதான். நீ விட்டுவைத்த ஒன்று பாக்கி இருக்கிறது.

ஓடாதே என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்காகவே ஓடுவாய். ஆனால் மயிரிழை விரிசல் என்றால் இரண்டு மாதக் கட்டு, அப்புறம் ஓட்டம். எலும்பு இரண்டாகப் பிளந்துவிட்டால் ஆணி, ஆபரேஷன், அப்புறமும் ஓட முடியுமா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆகஸ்டில் நீ ஓடினால் அது எதுவாக முடியும் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஒரு படம் எடுத்தால் தெரியும். எங்கே வேண்டுமானாலும் எடு. என்னிடம் சொல்லக்கூட வேண்டாம்.

அண்ணன்

*

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் இடது கால் நீங்கலாக இங்கே எல்லோரும் நலம்.

பக்கத்து ஊர் ஸ்கேன் மையத்தில் எடுத்தேன். படம் எடுத்த பெண் உன்னைப் போலவே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இறங்கும்போது, ஏறும்போது பிடிக்காத என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதே தெரிந்துவிட்டது. விரிசல் எலும்பின் பாதிவரை ஓடியிருக்கிறது. எட்டு வாரம் மாவுக்கட்டு. ஆகஸ்ட் போட்டி எனக்கு இல்லை. டாக்டர் சொல்லி முடிக்கும்வரை அழவில்லை. டிப்போவில் மீசைக்காரர் என் ஸ்டூலைத் துடைத்துப் போட்டபோது அழுதேன்.

முப்பத்தொன்பதாவது வரியை எழுதிக்கொள். பெண், நாற்பத்தாறு. வலி தொடங்கியது போன நவம்பர் மூன்றாம் வாரம். அன்று காலில் இருந்தது பழைய சாதா ஷூ.

ஆமாம், அண்ணா. தகடு ஷூ வாங்கியது டிசம்பரில், வலி வந்த பிறகு. மாஸ்டர் கடையில் போட்டு நாலு தப்படி ஓடிப் பார்த்தேன். அதில் பாதம் வளைய வேண்டியதில்லை. வலி பாதியாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓடியவள் அறுபதாக்கினேன். உடைத்தது ஷூவா, உடைந்ததை மறைத்ததுதான் ஷூவா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் முதல் கடிதத்துக்கே இதை எழுதியிருந்தால் சண்டையில் நான் ஜெயித்திருப்பேன். பழைய ஷூவில் வந்த வலி என்ற ஒரு வரி போதும். எழுதினால் அடுத்த பஸ்ஸில் நீ வந்து இறங்கி என்னை ஓடவிடாமல் செய்துவிடுவாய். அதனால் எழுதவில்லை.

என்னை எந்தப் பக்கத்தில் எழுதப் போகிறாய்?

உன் தங்கை

*

ஜூலை 18

அன்புத் தங்கைக்கு,

சுகம். அண்ணி உனக்காக ஒரு ஊன்றுகோல் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். கைப்பிடியில் துணி சுற்றியிருப்பது அவளுடைய யோசனை. மாப்பிள்ளையைக் கொஞ்சம் சமைக்கவிடு.

புதன்கிழமை டாக்டர்கள் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. போனேன். என் பதினைந்து வரிகளையும் உன் முப்பத்தொன்பது வரிகளையும் வாசித்தேன். மூன்று பேரை மறைத்ததையும் சொன்னேன். சொல்ல மாட்டேன் என்று உனக்கு எழுதியிருந்தேன், அங்கே நின்றபோது சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசியில் உன் வரி.

பெரிய டாக்டர் கேட்டார்: “சரி, உன் தங்கச்சி எந்தப் பக்கம்?”

“தெரியல சார்.”

“தெரியாததுக்கு எதுக்குய்யா கூட்டம்?”

“தெரிஞ்சிருந்தா கூட்டம் எதுக்கு சார்?”

இரண்டாவது மெமோ வந்துவிட்டது. அனுமதியின்றிக் கூட்டத்தில் நுழைந்ததற்கு. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நுழைந்தது உண்மை, அடுத்த புதனும் நுழைவேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசி வரிசையில் ஒரு சின்ன டாக்டர், உன் வயதில் பாதி இருக்கும், நான் வெளியே வரும்போது சொன்னாள்: “முப்பத்தொன்பது பேர் பத்தாது சார். அதுவும் நடந்து முடிஞ்சதைக் கேக்கக் கூடாது. இப்ப நல்லா இருக்கிறவங்களை எழுதி வெச்சுக்கிட்டு, அப்புறம் யாருக்கு வருதுன்னு பாக்கணும்.” அன்று அந்த அறையில் யாரும் பேசிய ஒரே உருப்படியான பேச்சு.

அத்தனை பேருக்கு நான் எங்கே போவேன்?

அண்ணன்

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். ஊன்றுகோல் சரியான உயரம். அண்ணியிடம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி முடியும் கோட்டுக்குப் பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இன்னொரு நாற்காலியில் மாவுக்கட்டுக் கால். ஓடி முடித்தவர்களை ஒரு பக்கம் இவரும் மறு பக்கம் மீசைக்காரரும் மடக்கினார்கள். “ஒரு நிமிஷம்மா, மூச்சு வாங்கிக்குங்க, அப்படியே ஷூவைக் காட்டுங்க.” என் கட்டைப் பார்த்தபிறகு யாரும் முகம் சுளிக்கவில்லை.

பதினோரு மணிக்கு மாஸ்டர் வந்தார். “என்னம்மா, என் கடையைக் கவுக்கவா உக்காந்திருக்கே?”

“உங்க வரி இன்னும் வரலை மாஸ்டர். காலைக் காட்டுங்க.”

காட்டினார். வாரம் எத்தனை கிலோமீட்டர் என்பதில் பொய் சொன்னார். இவர் சிரித்ததும் திருத்திக்கொண்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோருடைய முகவரியும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் திரும்பக் கேட்பேன், உடைந்தவர்களையும் உடையாதவர்களையும். ஒரு பிரதி உனக்கு. இன்னொன்றை அந்தச் சின்ன டாக்டர் பெண்ணிடம் கொடு. பெரிய டாக்டரிடமும் கொடுப்பதாக இருந்தால் முதலில் நீ படித்து முடித்துவிடு.

நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களில் மூன்றாவதாக வந்த பெண்ணையும் கேட்டேன். தகடு ஷூ, வாரம் ஐம்பது கிலோமீட்டர், வலி இல்லை. நல்ல மாதிரி. என் கால் சீக்கிரம் குணமாகட்டும் என்றாள். எழுதிக்கொண்டேன்.

அவள் ஓடிய நேரம் மூன்று மணி ஐம்பத்தேழு. உடைந்த காலோடு நான் ஓடியதைவிட ஆறு நிமிஷம் அதிகம். நம் பட்டியலில் நேரத்துக்குக் கட்டம் இல்லை, அதனால் அதை அங்கே எழுதவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

அடுத்த வருஷமும் அவள் வரட்டும்.

உன் தங்கை